கரண்ட் போகாத நாள்

1

சென்ற மாதம் என் மகன் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான். இங்கிலாந்துக்கு வந்த பதினான்கு வருடத்தில் நான் போடாத கையெழுத்து இல்லை. விசாவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, பஸ் ஓட்டும் உரிமத்துக்கு ஒன்று, பல் டாக்டருக்கு ஒன்று, குப்பைத் தொட்டிக்குக்கூட ஒன்று. ஏர்வாடியில் என் வாப்பா ஆயுசுக்கும் போட்ட கையெழுத்துகளை நான் இங்கே ஒரே வருடத்தில் போட்டு முடித்துவிட்டேன். ஆனால் பெற்ற பிள்ளையே படிவத்தோடு வந்து நின்றது இதுதான் முதல் தடவை.

பேட்டி கொடுப்பவரின் ஒப்புதல் என்று மேலே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. உங்கள் குரலைப் பதிவு செய்யச் சம்மதமா? அதை வெட்டவும் சேர்க்கவும் சம்மதமா? பேட்டியின்போது மனவருத்தம் ஏற்பட்டால் யாரை அழைப்பது என்று தெரியுமா? பேட்டி எடுப்பவருக்கு நீங்கள் என்ன உறவு? கடைசிக் கேள்விக்கு நான் ஆங்கில எழுத்தில் ‘வாப்பா’ என்று எழுதினேன். இர்ஃபான் அதை அடித்துவிட்டு மேலே ‘தந்தை’க்கான ஆங்கிலச் சொல்லை எழுதினான். “ஆசிரியருக்குப் புரியாது” என்றான்.

இர்ஃபானுக்குப் பதினேழு வயது. வீடியோ கேம் செய்கிற படிப்பில் சேர ஆசைப்படுகிறான். அதற்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஏதாவது ஒரு கேம் வரிசையை எடுத்துக்கொண்டு, அதன் முதல் பாகங்கள் ஏன் அவ்வளவு பிரபலமாயின என்று சின்ன வீடியோவாகச் செய்ய வேண்டும். அவன் எடுத்துக்கொண்ட கேமில் ஒரு படகுக்காரன் தீவு தீவாகப் போவான். இந்த வருடம் அதன் பதினோராவது பாகம் வந்திருக்கிறதாம். அவன் கம்ப்யூட்டரில் முதல் பாகத்தின் படம் ஓடியதைப் பார்த்துவிட்டு, தட்டில் சோறோடு அங்கேயே நின்றுவிட்டேன். “இது தீவு கேமாச்சே” என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். அப்படி அவன் என்னைத் திரும்பிப் பார்த்து இரண்டு வருடம் இருக்கும்.

அவன் பேசியதையெல்லாம் நான் தமிழில் எழுதுகிறேன். அவன் பேசுவது ஆங்கிலம்தான். சாப்பாடு, தூக்கம், செருப்பு, வா, போ என்கிற அளவுக்கு அவனுக்குத் தமிழ் தெரியும். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. பஸ் ஓட்டும் வேலைக்கு ஆங்கிலம் வேண்டுமென்று, மூன்று வயதுப் பிள்ளையிடம் ஆங்கிலம் பேசிப் பேசி நான்தான் பழகினேன். எனக்கு வேலை கிடைத்தது. அவனுக்குத் தமிழ் போயிற்று. வினை விதைத்தவன் வினை அறுக்கிறான், வேறென்ன.

2

எங்களுக்கு அந்தக் கேமின் முறையான பெயர் தெரியாது. என் மாமா துபாயிலிருந்து வரும்போது ஒரு பழைய கேம் பெட்டியும் உறை நிறைய சிடியும் கொண்டுவந்தார். சிடி முழுக்க ஜப்பான் எழுத்து. எங்கள் வீட்டில் டிவி இல்லை என்பதால் பெட்டியை நைனா வீட்டுக்குக் கொண்டு போனேன். நைனா என் வகுப்புத் தோழன். தர்காவுக்கு வருகிறவர்கள் தங்குவதற்கு அவனுடைய வாப்பா லாட்ஜ் வைத்திருந்தார். அதன் முன்னறையில் பெட்டி குடியேறி, அது எங்கள் கேம் கடையாயிற்று. ஒரு மாதத்தில் அந்த அறை வாசலில் நூறு செருப்பு கிடக்கத் தொடங்கியது.

பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான் சிடி ஓடும். ஒவ்வொரு தீவும் முடிந்ததும் திரையில் ஒரு கேள்வி வரும். ஆமாம் என்று அமுக்கினால் பெட்டி பீப் அடித்து உறைந்துவிடும். அதனால் எங்கள் கடையில் ஒரு சட்டம் இருந்தது. “என்ன கேட்டாலும் இல்லைன்னே சொல்லணும்லே.” ஒரு ஊரே இரண்டு வருடம் அந்தக் கேள்விக்கு இல்லை என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

விளையாடிய வரைக்கும் சேமித்து வைக்கட்டுமா என்று அது கேட்டிருக்கிறது. சேமிக்க ஒரு சின்ன அட்டை வேண்டும். அந்த அட்டையை மாமா வாங்கி வரவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆன பிறகு இர்ஃபான் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் என் பேச்சுக்குச் சிரித்தது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் நம்புவீர்களா தெரியாது.

சேமிக்க முடியாது என்றால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். ஏழு தீவுக்கும் சேர்த்து எங்கள் கைக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். எங்கள் ஊரிலோ காலையில் ஒரு மணி நேரம், மதியம் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் கரண்ட் போகும். பகலில் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் கரண்ட் இருந்ததாக எனக்கு நினைவில்லை. மூன்றாவது தீவில் நிற்கும்போது பொட்டென்று அணையும். எல்லாரும் “யா அல்லாஹ்” என்று ஒரு பெருமூச்சு விட்டுக் கலைவோம். தொழப் போகிறவன் போவான், மீன் வாங்கப் போகிறவன் போவான். கரண்ட் வந்ததும் முதல் தீவிலிருந்து மறுபடி ஆரம்பம்.

முதல் பாகமும் இரண்டாம் பாகமும் எங்கள் ஊரில் ஏன் அப்படிப் பிரபலமாயின என்று கேட்டால் என் பதில் இதுதான். யாராலும் முடிக்க முடியவில்லை. நேற்று வந்தவனும் இரண்டு வருடமாக ஆடுகிறவனும் தினம் மூன்று தடவை ஒரே கரையில் வந்து நிற்பார்கள். பாம்பனிலிருந்து வரும் மீன்காரப் பையன்கள்கூட, “வாடைக் காத்துல இப்பிடிப் பாய் விரிச்சா கவுந்துரும்லே, ஜப்பான்காரனுக்கு என்ன தெரியும்” என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் பாகம் வந்தபோது யாரோ அட்டையும் வாங்கி வந்துவிட்டார்கள். பத்து நாளில் எல்லாரும் முடித்தார்கள். அதற்குப் பிறகு வாசலில் நாலு செருப்புகூட இல்லை.

3

இர்ஃபானின் வீடியோவில் காரணங்கள் வேறு. இசை, படம் வரைந்த விதம், அந்தக் காலத்துப் போட்டி கேம்களின் விலை, இன்னும் என்னென்னவோ. உலக வரைபடம் ஒன்றும் வைத்திருந்தான். கேம் விற்ற நாடுகளுக்கெல்லாம் நீல வண்ணம். இந்தியா சாம்பல் நிறத்தில் கிடந்தது.

“நாங்க ஊரே ஆடினோமே” என்றேன்.

“அது திருட்டு சிடி, வாப்பா. கணக்கில் வராது. ஆனால் நீங்கள் நேரில் பார்த்தவர். உங்களைப் பேட்டி எடுத்தால் ஆசிரியர் மதிப்பெண் கூடப் போடுவார்.”

அதற்குத்தான் அந்தப் படிவம். ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறை மேஜையில் அவன் போனை சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தான். ஒரு தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டான். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். என் ஆங்கிலம் பஸ்ஸுக்குப் போதும். அடுத்த நிறுத்தம், மன்னிக்கவும், குழந்தை வண்டியை மடித்து வையுங்கள். கரண்ட் போனதை மட்டும் எப்படியோ சொல்லிவிட்டேன். “தினமுமா?” என்று இரண்டு தடவை கேட்டான்.

பிறகு, “நீங்கள் ஒருதடவைகூட முடிக்கவே இல்லையா?” என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதிலை நான் யாரிடமும் சொன்னதில்லை. நைனாவிடம் இல்லை. என் மனைவி ஜெசிமாவிடம் இல்லை. தொழுகையில் அல்லாஹ்விடம்கூடச் சுற்றி வளைத்துத்தான் கேட்டிருக்கிறேன். என் பிள்ளை எதிரில் உட்கார்ந்து, என் வாயைப் பார்த்துக்கொண்டு, கேட்கிறான். சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இவன் ஒருவனாவது தெரிந்துகொண்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும் என்று தோன்றியது. ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியத்தில் ஆங்கிலம் தீர்ந்துவிட்டது. மீதி நாற்பது நிமிடம் தமிழில்தான் வந்தது.

4

அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வெளியூர்ப் பிள்ளைகள். வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லை என்று தர்காவுக்குக் கூட்டி வருவார்கள். நாற்பது நாள், மூன்று மாதம் என்று தங்குவார்கள். கூட வந்த பிள்ளைகளுக்குக் காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. முருகேசன் அப்படி வந்தவன். சாயல்குடிப் பக்கம் ஒரு கிராமம். என் வயதுதான், பதினேழு. ஆனாலும் என்னைப் “பாய்” என்றுதான் கூப்பிடுவான். அவனுடைய அம்மாவுக்குத்தான் மனசு சரியில்லை. அய்யா என்று அவன் கூப்பிடும் அப்பாவும் அவனும் கூட இருந்தார்கள். நைனா லாட்ஜிலேயே பின்பக்கம் ஒரு அறை.

அவன் கையில் இருந்த வேகம் எங்கள் யாருக்கும் கிடையாது. ஆனால் கரண்ட் போன அடுத்த நொடி எழுந்து ஓடிவிடுவான். அம்மாவுக்குச் சோறு ஊட்ட வேண்டும். அவன் கையால் மட்டும்தான் அந்த அம்மா சாப்பிடும்.

“காத்தாடி நின்னா நான் வருவேன்னு அதுக்குத் தெரியும் பாய். வாசலையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கும்” என்று ஒருநாள் மின்விசிறியைக் காட்டிச் சொன்னான்.

வருடத்தில் ஒருநாள் மட்டும் எங்கள் ஊரில் கரண்ட் போகாது. தர்காவின் சந்தனக்கூடுத் திருவிழா அன்று. கூடு கிளம்புவது ராத்திரிதான் என்றாலும் காலையிலிருந்தே லைட், மைக் என்று ஊர் எரியும். அன்றைக்கு யாரும் ஃபியூசில் கைவைக்க மாட்டார்கள். அன்று எப்படியும் முடித்துவிடுவது என்று நாங்கள் ஒரு மாதமாகத் திட்டம் போட்டோம். ஆடுவது முருகேசன். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தான்.

பன்னிரண்டரை இருக்கும். ஐந்தாவது தீவு முடிந்தது. திரை கேட்டது, இல்லை என்று சொன்னோம். முருகேசன் பாதி எழுந்தான்.

“அம்மாவப் பாத்துட்டு வந்துருறேன் பாய். இந்நேரம் தேடும்.”

“எந்திரிக்காத. கை மாறுனா போச்சு. நான் போய்ப் பாத்துட்டு வாரேன்” என்றேன்.

கிளம்பினேன். பின்பக்கத்து அறைக்கு லாட்ஜைச் சுற்றித் தெருவழியாகத்தான் போக வேண்டும். தெருமுனையில் ஊர்வலத்துக்கு வந்த யானையைக் கட்டிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே கூட்டம். சும்மா ஒரு நிமிடம் பார்க்கலாம் என்று நின்றேன். அரைமணி நேரம் நின்றேன். பிறகு கேம் என்ன ஆச்சோ என்று பதைப்பு வந்து, வந்த வழியே திரும்பி ஓடிவிட்டேன்.

“என்ன பாய், சாப்புட்டுச்சா?”

“சாப்புட்டுப் படுத்திருக்காங்க. நீ ஆடு.”

அவன் சிரித்துக்கொண்டு ஆறாவது தீவுக்குப் போனான்.

மூன்று மணிக்கு அவனுடைய அய்யா வந்தார். கையில் நேர்ச்சைச் சோறு வாளி. மகன் வழக்கம்போல் வந்து பார்த்துக்கொள்வான் என்று நம்பி, காலையிலிருந்து சோற்று வரிசையில் நின்றிருக்கிறார்.

“அம்மா இங்கன வந்துச்சாப்பா?” என்று கேட்டார்.

முருகேசன் என்னைப் பார்த்தான். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். “ஒரு மணிக்கு நான் பாக்கும்போது படுத்திருந்தாங்க” என்றேன்.

கேமை ஏழாவது தீவில் பாதியில் விட்டுவிட்டுத் தேடினோம். பஸ் நிறுத்தத்தில் பூக்கட்டும் அம்மா ஒருவர் சொன்னார்: பதினோரு மணி வாக்கில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பொம்பளை, செருப்பில்லாமல், சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி போகிற பஸ்ஸில் ஏறியது என்று. அய்யா பஸ்ஸுக்குக் கையைக் காட்டினார். நைனா தடுத்துவிட்டான். “அது வேற யாரோ அய்யா. ஒரு மணிக்கு இவன் கண்ணால பாத்திருக்கான்ல. வாங்க, கடக்கரப் பக்கம் போவோம்.”

கடற்கரையில் தேடினோம். உப்பளத்தில் தேடினோம். மைக்கில் சொன்னோம். முருகேசனின் அம்மா கிடைக்கவில்லை. இன்று வரைக்கும் கிடைக்கவில்லை. காத்தாடி நிற்கவில்லை, மகன் வரவில்லை, அதனால் அந்த அம்மா எழுந்து வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறது. அய்யா கை காட்டிய பஸ்ஸிலேயே போயிருந்தால் சாயல்குடியிலாவது பிடித்திருப்பார்கள்.

மறுவருடம் நான் துபாய்க்குப் போய்விட்டேன். பிறகு இங்கே. முருகேசன் வருடா வருடம் சந்தனக்கூட்டுக்கு வந்து நைனா லாட்ஜில் இரண்டு நாள் தங்குகிறான் என்று நைனா சொல்வான். ஊருக்குப் போகிறபோதெல்லாம் அந்த மாதம் வராமல் பார்த்துத்தான் நான் டிக்கெட் எடுக்கிறேன்.

5

நான் பேசி முடித்தபோது இர்ஃபான் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தான். “நன்றி வாப்பா. ரொம்ப நன்றாக இருந்தது” என்றான்.

அந்தக் கையின் கனத்தோடு நான் மூன்று வாரம் வாழ்ந்தேன். எல்லாம் புரியாவிட்டாலும் பாதியாவது புரிந்திருக்கும் என்று நினைத்தேன். அம்மா என்கிற வார்த்தை தெரியும், பஸ் தெரியும், சாப்பாடு தெரியும். என் முகமும் தெரியுமே. பஸ் ஓட்டும்போது, இவன் என்னை வெறுக்கவில்லை, தோளில் கை வைத்தான், என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். டிப்போவில் ஒருவர், “என்ன, லாட்டரி அடித்ததா?” என்றுகூடக் கேட்டார்.

மூன்றாவது வாரம் வீடியோவைப் போட்டுக் காட்டினான். ஏழு நிமிடம். இசை, படம், விலை. சாம்பல் நிற இந்தியா வந்தது. “விற்பனை இல்லாத இடங்களிலும் இதை நேசித்தவர்கள் இருந்தார்கள்” என்று அவன் குரல். அடுத்து அந்தக் கேமின் கடல், அலை, தனியாக ஒரு படகு. அதன்மேல் என் குரல்.

“நான் போகல. பாதி வழியில யானையப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன். போகாமலே பாத்தேன்னு சொல்லிட்டேன். அந்த அம்மா அப்பவே கெளம்பிருச்சு. முருகேசன்கிட்ட நான் பொய் சொன்னேன். அவங்கய்யாட்டயும் பொய் சொன்னேன்.”

கீழே வெள்ளை எழுத்தில் ஒரே வரி: அயல்மொழியில் பேசுகிறார்.

ஜெசிமா அடுப்பங்கரையில் இருந்தாள், மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நான் சட்டென்று வீடியோவை நிறுத்தினேன். “இந்த இடத்தை ஏன் எடுத்தாய்?” என்று கேட்டேன்.

“அங்கேதான் உங்கள் குரல் ரொம்ப நன்றாக இருந்தது. என்ன சொன்னீர்கள் என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் கேம் மேல் உங்களுக்கு எவ்வளவு பிரியம் என்று கேட்கிற யாருக்கும் புரியும்.”

அதை எடுத்துவிடு என்றேன். ஏன் என்றான். அது நல்லதில்லை என்றேன். “படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே” என்று சிரித்தான். பள்ளியில் ஏற்கனவே கொடுத்துவிட்டானாம். எல்லாரும் பார்க்கும்படி இணையத்திலும் ஏற்றியாயிற்று. சுட்டியை அவன் உம்மா ஜெசிமாவுக்கும் அனுப்பியிருக்கிறான். அவள் அதைப் போட்டுக் கேட்கக்கூட இல்லை. மகன் செய்தது என்ற பெருமையில் வந்த கையோடு ஊர் வாட்ஸப் குரூப்புக்குத் தள்ளிவிட்டிருக்கிறாள்.

என் பிள்ளையிடம்தான் நான் சொன்னேன். அவனைத் தவிர எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது.

6

மறுநாள் மாலை நைனா கூப்பிட்டான். நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். எதிர் சோபாவில் இர்ஃபான் காலை நீட்டி வடை தின்றுகொண்டிருந்தான்.

“மாப்ள” என்றான் நைனா.

“சொல்லு.”

“அன்னைக்கு நீ போகவே இல்லையா?”

“போகல.”

“அந்தப் பூக்காரம்மா அத்தன தடவ சொல்லுச்சேலே. அய்யா பஸ்ஸுக்குக் கைய நீட்டிட்டாரு. நாந்தான் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். ஒன்னய நம்பித்தான இழுத்தேன்.”

“ஆமா.”

“இத்தன வருசம் எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல.”

மூக்கை உறிஞ்சினேன். அவனும் அழுகிறான் என்று தெரிந்தது.

“ஒம் மவன் தெரிஞ்சேதான் இதப் போட்டானா?”

“அவனுக்கு ஒண்ணும் தெரியாது. எதுக்கதான் ஒக்காந்திருக்கான்” என்றேன். குரலைத் தாழ்த்தக்கூட நான் நினைக்கவில்லை. தாழ்த்த வேண்டிய அவசியம் அந்த வீட்டில் இல்லை.

“முருகேசன் எங்க லாட்ஜு குரூப்புல இருக்கான் மாப்ள. எவனோ அங்கனயும் போட்டுட்டான்.”

“பாத்துட்டானா?”

“காலையிலயே பாத்துட்டான். ஒண்ணும் எழுதல. போன் போட்டேன், எடுக்கல. விடிஞ்சதும் நான் சாயல்குடிக்குக் கெளம்புறேன். அவன் மூஞ்சியில எப்பிடி முழிக்கிறதுன்னு தெரியல. நீ அங்கன இருந்துக்க. ஒனக்கென்ன.”

அவன் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். இர்ஃபான் நிமிர்ந்து பார்த்தான். என் கண்ணீரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

“ஊரில் பார்த்தார்களா வாப்பா? அவர்களுக்குப் பிடித்ததா?”

“எல்லாரும் பார்த்துவிட்டார்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.